தாழ்த்திய காரும் தேயும் ஷாக்கும்: கடற்கரைச் சாலையில் 'ஒண்ணும் ஆகாது' என்பது எவ்வளவு உண்மை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு இந்தக் கார்கள் பழக்கப்பட்டவை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையாது. தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும். பழைய ஐகானோ, ஸ்விஃப்ட்டோ, போலோவோ, எந்த மாடலாக இருந்தாலும் தாழ்த்தியவுடன் அதற்கு ஒரு கெத்து வந்துவிடுகிறது, அதை மறுப்பதற்கில்லை. இந்த வேலையை எடுத்துச் செய்யும் ஒர்க்‌ஷாப்களில் வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, ஸ்பிரிங்கை மட்டும் மாத்தினா கம்பெனி ஷாக் தாங்குமா?" வருகிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி, தாராளமா ஓட்டலாம்."

பதில் முழுப் பொய் இல்லை. கார் மறுநாளே நின்றுவிடாது. ஆறு மாதம், ஒரு வருடம் எந்தக் குறையும் தெரியாமல்கூட ஓடும். ஆனால் ஸ்பிரிங்கைத் தாழ்த்திவிட்டு கம்பெனி ஷாக் அப்சார்பரை அப்படியே விடுவது அரை வேலை. தாழ்த்தும் செலவில் புதிய ஷாக்கின் விலையைச் சேர்க்காதவர் அந்தச் செலவைத் தள்ளித்தான் போடுகிறார். உப்புக் காற்றும் ஸ்பீடு பிரேக்கரும் சேர்ந்த இந்த வட்டாரத்தில் அது அதிக நாள் தள்ளிப்போகாது.

முதலில் ஒரு பொதுவான குழப்பம். காரின் எடையைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் அல்ல, ஸ்பிரிங். பள்ளத்தில் விழும்போது சுருங்கி, பிறகு விரிவது அதுதான். தனியாக விட்டால் ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக்கின் வேலை. ஒரு குழாய், அதில் எண்ணெய், அதற்குள் துளையும் வால்வும் உள்ள ஒரு பிஸ்டன், பிஸ்டனைத் தாங்கும் பளபளப்பான கம்பி. சக்கரம் ஏறி இறங்க, பிஸ்டன் எண்ணெய்க்குள் போய்வரும். சிறிய துளை வழியாக எண்ணெய் நெருக்கியடித்துப் பாயும்போது ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிக் காற்றில் போய்விடும். நல்ல சாலையிலும் இது கிலோமீட்டருக்கு ஆயிரம் தடவைக்கு மேல் நடக்கிறது என்பது ஷாக் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. சுமார் 80,000 கி.மீ. ஓடியதும் மாற்றுவது நல்லது என்ற பரிந்துரையும் அவர்களுடையதுதான். அது கம்பெனி உயரத்தில் நிற்கும் காருக்குச் சொன்னது.

தாழ்த்தினால் ஸ்பிரிங் இறுகிவிடும், அந்த இறுக்கம் ஷாக்கைக் கொன்றுவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். அது சிறிய காரணம்தான். ஸ்பிரிங் 25 சதவீதம் இறுகினால், அதே அளவுக்கு ஆட்டத்தை அடக்க ஷாக்கின் பிடிமானம் சுமார் 12 சதவீதம் கூடினால் போதும். இரண்டும் வர்க்கமூலக் கணக்கில்தான் தொடர்புடையவை. நல்ல நிலையில் உள்ள ஷாக் இந்த 12 சதவீதக் குறையோடு கொஞ்ச காலம் ஒப்பேற்றிவிடும். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஷாக்குக்கு ஓட இடம் இல்லாமல் போய்விடுகிறது.

ஒரு சாதாரண ஹேட்ச்பேக் காரை எடுத்துக்கொள்வோம். நின்ற நிலையிலிருந்து சக்கரம் மேலே ஏற சுமார் 80 மி.மீ. இடம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். காரை 40 மி.மீ. தாழ்த்தினால் அந்த இடத்தில் பாதியைத் தொடக்கத்திலேயே கொடுத்தாகிவிட்டது. பாதி இடம் போனால் பாதி தாங்கும் திறன் போகும் என்று நினைத்தால் தவறு. ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல் அது சுருங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். புதிய ஸ்பிரிங் 25 சதவீதம் இறுக்கமானது என்று சேர்த்துக்கொண்டாலும் பழைய திறனில் 31 சதவீதம்தான் வரும். பழைய திறனை அப்படியே திரும்பப் பெற வேண்டுமானால் ஸ்பிரிங் நான்கு மடங்கு இறுக வேண்டும். அப்படிப்பட்ட காரில் முதுகெலும்பு உள்ள யாரும் உட்கார முடியாது.

மிச்ச அடியை யார் வாங்குவது? ஷாக் கம்பியில் கோத்திருக்கும் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் போன்ற மெத்தைதான் முதலில் வாங்கும். எப்போதாவது ஒரு பெரிய பள்ளத்துக்காக வைத்த பாகம் அது. தாழ்த்திய காரில் அதற்கு தினசரி டூட்டி. நசுங்கி, வெடித்து, ஒருநாள் உதிர்ந்துவிடும். அதன் பிறகு பிஸ்டன் குழாயின் அடியில் இருக்கும் வால்வையே போய் முட்டும். ஷாக்குக்குள் 'டக்'கென்று கேட்கிற சத்தம் பல நேரம் அதுதான். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், "பம்ப் ஸ்டாப் இடிக்குது, எடுத்துடுங்க" என்று சொல்லி முதல் நாளே கழற்றிவிடுகிறார்கள். நல்ல லோயரிங் ஸ்பிரிங் கிட்டில், பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு வெட்ட வேண்டும், அல்லது எந்தக் குட்டையான ஸ்டாப்பைப் போட வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கும். அந்தத் தாள் அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது.

செங்கல்பட்டிலிருந்து கடல் வரை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ. கடற்கரைச் சாலைபோல அகலமானது அல்ல. ஊர் வரும்போதெல்லாம் ஸ்பீடு பிரேக்கர், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று, கோயில் முனையில் ஒன்று. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி:99 விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 செ.மீ. உயரத்தில், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த அளவில் கட்டிய வேகத்தடை ஒரு சிறிய காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைவிட நீளமானது. கார் முழுதாக அதன்மேல் ஏறி இறங்கும். ஊருக்குள் பார்ப்பதோ ஓரடி, இரண்டடி அகலத்தில் தார் குவித்த மேடு. அது வயிற்றுக்கு அடியில் வந்து நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 165 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள கார் 40 மி.மீ. தாழ்ந்தால் 125. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பையும் ஏறினால் பின்பக்கம் சாதாரணமாக இன்னும் 30 மி.மீ.க்கு மேல் இறங்கும். 100 மி.மீ. மேட்டுக்கு மிஞ்சுவது 95. அடி உரசுவது காதில் விழுவதால் எல்லாரும் அதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் பின் ஷாக்குக்கும் அப்போது மேலே ஏற மிஞ்சுவது ஒரு விரல் அகலம்கூட இல்லை என்பது யாருக்கும் தெரிவதில்லை. தனியாக ஓட்டிப் பார்த்து "நல்லாத்தான் போகுது" என்று சொல்கிறவரின் கார், குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும்போது வேறு கார்.

பெயின்ட் அழிந்த ஸ்பீடு பிரேக்கரை இரவில் கவனிக்காமல் 50 கி.மீ. வேகத்தில் ஏறினால், அந்த ஒரு அடியில் ஷாக்கின் மேல் மவுண்ட் கிழியலாம், கம்பி வளையலாம். வரிசை வரிசையாகப் போட்ட ரம்பிள் ஸ்டிரிப் செய்வது வேறு வகைக் கேடு. ஒவ்வொன்றும் சிறிய அடிதான். ஆனால் விடாமல் தட்டுவதால் எண்ணெய் சூடாகி இளகும், நுரைக்கும். இளகிய எண்ணெய் துளை வழியாக எளிதாக ஓடும். ஏற்கெனவே குறைவாக இருந்த பிடி இன்னும் தளரும்.

உப்புக்கு வருவோம். இந்தக் கரையில் அதைச் சொல்லாமல் ஷாக்கைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் கழிமுகமும். கேளம்பாக்கம் பக்கம் போனால் உப்பளமே இருக்கிறது. சவுக்குத் தோப்பு இல்லாத இடங்களில் காற்று மணலை அள்ளிச் சாலையில் போடும். கடலோர வீடுகளில் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஷாக்கின் கம்பியும் எஃகுதான். மேலே குரோமியம் பூசியிருக்கும். அந்தப் பூச்சும் அதற்கு மேலிருக்கும் ரப்பர் உறையும் சேர்ந்துதான் உப்பிலிருந்து காப்பாற்றுகின்றன. காரைத் தாழ்த்தும்போது அந்த உறை அதற்கென்று இல்லாத இடத்தில் மடங்கி நசுங்குகிறது. பம்ப் ஸ்டாப்போடு ஒட்டிய உறையாக இருந்தால், ஸ்டாப் உடையும்போது அதுவும் கிழிந்துவிடும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கடற்கரை மெக்கானிக்குகளே அதிகம் பேசாதது. ஐந்தாறு வருடம் ஓடிய காரில், கம்பியின் ஒரு பகுதி பெரும்பாலான நேரம் குழாய்க்கு வெளியேதான் நின்றிருக்கும். உறையில் ஒரு கிழிசல் இருந்தால்கூட அந்தப் பகுதியில் உப்பு குத்திச் சிறு சிறு குழிகள் விழுந்திருக்கும். கையால் தடவினால்தான் தெரியும். கார் கம்பெனி உயரத்தில் இருந்தவரை பெரிய பள்ளத்தில் மட்டும் அந்தக் குழி விழுந்த பகுதி குழாய்க்குள் போய்வரும். 40 மி.மீ. தாழ்த்திய அன்று அது நிரந்தரமாகக் குழாயின் வாயருகே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அந்தச் சொரசொரப்பு எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் சீலை அரம்போல அராவும். சில ஆயிரம் கிலோமீட்டரில் எண்ணெய் கசியத் தொடங்கும். "ஸ்பிரிங் மாத்தினதுல இருந்து ஷாக் லீக் ஆகுது, கம்பெனி ஷாக் மட்டம்" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். பழைய ஷாக், புதிய ஸ்பிரிங் என்ற கூட்டு இந்தக் கரையில் மிக மோசமான கூட்டு. தாழ்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்பிரிங்கோடு சேர்த்து ஷாக், உறை, பம்ப் ஸ்டாப், மேல் மவுண்ட் எல்லாம் ஒரே நாளில் புதிதாக வேண்டும்.

வெட்டிய ஸ்பிரிங்

மேலே சொன்னதெல்லாம் முறையாகத் தயாரித்த லோயரிங் ஸ்பிரிங்குக்கு. கிரைண்டரை எடுத்துக் கம்பெனி ஸ்பிரிங்கில் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ வெட்டுவது வேறு கதை. செலவு கூலி மட்டும்தான், அதனால்தான் அது நடக்கிறது. வேலை செய்யும் சுற்று ஆறு உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் 20 சதவீதம் இறுகும். அது பரவாயில்லை என்றே வைத்துக்கொள்வோம். வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. இன்றைய கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அதில் ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றியே இருக்கும். ஸ்பிரிங் கோணலாக உட்கார்ந்தால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும்; உள்ளே உள்ள புஷ் ஒரு பக்கமாகத் தேயும். அடுத்த ஆபத்து, கம்பெனி ஷாக் முழு நீளத்துக்கு விரியும்போது குட்டையான ஸ்பிரிங் அதோடு விரியப் போதாமல் தளர்ந்துவிடுவது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும் நொடியில் ஸ்பிரிங் இருக்கையைவிட்டு நகரலாம். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது ஸ்பிரிங் கையால் ஆட்டும் அளவுக்குக் கடகடவென்று ஆடினால், அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவே கூடாது. காஸ் டார்ச் வைத்து ஸ்பிரிங்கைச் சூடேற்றி உட்கார வைப்பது இதைவிடக் கேவலம். பதம் போன எஃகு எப்போது உடையும் என்பது அதற்கே தெரியாது.

தாழ்த்துவதே தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. 25 மி.மீ. அளவுக்கு, நல்ல கம்பெனியின் ஸ்பிரிங்கில், புதிய ஷாக்கோடு தாழ்த்திய கார் பல வருடம் சிக்கலின்றி ஓடும். அளவு கூடக்கூட ஆயுள் சீராகக் குறைவதில்லை. ஒரு எல்லையைத் தாண்டியதும் சட்டென்று விழுகிறது. அந்த எல்லை பம்ப் ஸ்டாப்பைத் தொடும் இடம். 40 மி.மீ.க்கு மேல் போகிறவர்களுக்கு நீளம் குறைத்து, வால்வை மாற்றி அமைத்த ஷாக்கோ, முழு காய்ல்ஓவர் செட்டோ தவிர வேறு நேர்மையான வழி இல்லை.

"கார் வளைவில் ஒட்டிக்கிட்டுப் போகும்" என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. எடை மையம் 550 மி.மீ. உயரத்தில் இருந்து 40 மி.மீ. இறங்கினால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும் எடை சுமார் 7 சதவீதம் குறையும். ஆனால் ஸ்ட்ரட் வகை முன்பக்கத்தில் கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்ந்துவிட, கார் சாயும் மையம் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. சாய்வைக் குறைப்பது பெரும்பாலும் இறுகிய ஸ்பிரிங்தான், உயரம் அல்ல. ஷாக் தேய்ந்த பிறகு அந்த ஏழு சதவீதமும் பயன்படாது. டயர் தரையில் குதிக்கத் தொடங்கும். மழையில் நனைந்த கடற்கரைச் சாலையில், குறுக்கே நாயோ மாடோ வந்து பிரேக் அடிக்கும்போது, குதிக்கிற டயர் பிடிக்காது.

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஓடும் கார்கள் தாழ்வாகத்தானே இருக்கின்றன என்று கேட்பார்கள். ஆம். அங்கே ஸ்பீடு பிரேக்கர் இல்லை, பின்சீட்டில் மாமியார் இல்லை. ஷாக்கைக் கழற்றிப் பிரித்து எண்ணெய் மாற்றுவது பந்தயக் குழுக்களுக்கு வாடிக்கையான வேலை. ஜெர்மனியை உதாரணம் காட்டுகிறவர்களும் உண்டு. அங்கே சான்று பெற்ற ஸ்பிரிங்கைத்தான் போட முடியும். போட்ட பிறகு டியூவி போன்ற அமைப்பின் பரிசோதகர், எந்தக் காருக்கு எத்தனை மி.மீ., எந்த ஷாக்கோடு என்பதைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

இங்கே அந்த நடுவழி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி இதைக் காரணம் காட்டிக் கையை விரிக்க இடமிருக்கிறது.

சட்டத்தின் நோக்கம் சரி. விளைவு வேறாக இருக்கிறது. முறையான கிட் வாங்கி, ஷாக்கையும் மாற்றி, பெரிய தொகை செலவழித்தவரும் குற்றவாளி. கிரைண்டரால் வெட்டியவரும் குற்றவாளி. இரண்டுக்கும் தண்டனை ஒன்றென்றால் மலிவானது ஜெயிக்கும். சிஎன்ஜி கிட் பொருத்துவதற்கு, பரிசோதித்து அனுமதித்த கிட், பிறகு ஆர்சி புத்தகத்தில் பதிவு என்று ஒரு பாதை ஏற்கெனவே இருக்கிறது. சஸ்பென்ஷனுக்கும், குறிப்பிட்ட மாடல், குறிப்பிட்ட மி.மீ., ஷாக்கோடு சேர்ந்த கிட் என்று அதே பாதையைத் திறக்கலாம். பரிசோதிக்க இடம் தேடி அலைய வேண்டியதும் இல்லை. மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் ஒரகடத்தில் இருக்கிறது. மஹிந்திராவின் ஆராய்ச்சி மையமும் பிஎம்டபிள்யூ தொழிற்சாலையும் செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கின்றன. தாழ்த்துவதற்குப் பேர்போன ஐகான் 1999-ல் வெளிவந்ததே மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்துதான். கார் சஸ்பென்ஷன் பற்றித் தெரிந்தவர்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் மாவட்டங்கள் நாட்டில் அதிகம் இல்லை.

அந்தப் பாதை திறக்காதவரை இதில் அதிகம் ஏமாறுவது தாழ்த்தியவர்கூட அல்ல, அந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர். விற்கும் நேரம் வந்ததும் பத்திரமாக வைத்திருந்த கம்பெனி ஸ்பிரிங் திரும்ப ஏறும். உயரம் பழையபடி வந்துவிடும். இரண்டு வருடம் பம்ப் ஸ்டாப்பில் அடி வாங்கிய ஷாக் மட்டும் அப்படியே இருக்கும். பானெட்டைக் கையால் அழுத்தி, ஆட்டம் ஒரே தடவையில் நின்றுவிட்டால் ஷாக் நல்லது என்று முடிவுகட்டும் பழைய முறை இங்கே பாதிதான் உதவும். தேய்ந்த ஷாக்கும் அந்த மெதுவான ஆட்டத்தில் பாஸாகிவிடும்.

சக்கரத்தைக் கழற்றி நான்கு இடங்களையும் பார்ப்பதுதான் வழி. ஷாக் உடம்பில் லேசான ஈரப்பிசுக்கு இருந்தால் பரவாயில்லை. தூசியோடு சேர்ந்து வழிந்த எண்ணெய் என்றால் ஷாக் போய்விட்டது. ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தால் பம்ப் ஸ்டாப் முழுதாக இருக்கிறதா, கத்தியால் வெட்டியிருக்கிறதா, இல்லவே இல்லையா என்பது தெரியும். வெட்டியிருந்தால் அந்தக் கார் ஒருகாலத்தில் தாழ்ந்து ஓடியது என்று எடுத்துக்கொள்ளலாம். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதும், டயரைச் சுற்றி உள்ளங்கையால் தடவினால் மேடு பள்ளமாக அலையடிப்பதும் அதே கதையைச் சொல்லும். பின் மட்கார்டின் உள்விளிம்பு சுத்தியலால் தட்டி மடக்கியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டுகிறவர்கள் அதைத் திரும்ப நிமிர்த்துவதில்லை.